81 வீதம் காணி உறுதி அல்ல

"மன்னாரில விகிதாசாரம் மாறிக்கொண்டு வருகுது, தெரியுமோ?"

இந்த வசனத்தை நான் கடைசி ஒரு வருஷத்துக்குள்ள குறைஞ்சது இருபது தடவை கேட்டிருப்பன். பஸ்ஸில, செத்தவீட்டில, விளையாட்டுக் கழகக் கூட்டத்தில, முகநூலில. சொல்லுற ஆக்கள் கெட்ட ஆக்கள் இல்லை. சிலபேர் என்ர கூட்டாளிமார். படிச்ச ஆக்களும் சொல்லுகினம். குரலைக் கொஞ்சம் தணிச்சு, அக்கம்பக்கம் பார்த்துத்தான் சொல்லுவினம். அந்தக் குரல் தணியேக்கயே விளங்கிவிடும், ஆரைப் பற்றிக் கதைக்கினம் எண்டு. முஸ்லிம் சனத்தைப் பற்றி.

இவ்வளவு நாளும் நான் பேசாமல் இருந்திட்டன். இனி ஒரேயொரு கேள்வியைத் திருப்பிக் கேட்கப்போறன்: எந்த வருஷத்தில இருந்து மாறுது?

இந்தக் கட்டுரை முழுக்க அந்தக் கேள்விதான்.

கணக்கைப் பாருங்கோ

1981இல் நாடு முழுக்கக் குடிசன மதிப்பு நடந்தது. பிறகு 1991இல் நடக்கவேயில்லை. 2001இல் 18 மாவட்டங்களில்தான் முழுமையாக முடிந்தது. மன்னார் அந்தப் பதினெட்டுக்குள் இல்லை. அடுத்தது 2012. அதாவது ஒரு முழுமையான மதிப்புக்கும் அடுத்ததுக்கும் இடையில் எங்களுக்கு 31 வருஷம். அந்த 31 வருஷத்துக்குள்தான் எல்லாம் நடந்து முடிஞ்சது.

1981இல் மன்னார் மாவட்டத்தில் இருந்தவர்கள் ஒரு இலட்சத்து ஆறாயிரத்துக்கு மேல். அதில் இலங்கைத் தமிழர் என்று பதியப்பட்டவர்கள் ஏறத்தாழ அரைவாசி. முஸ்லிம்கள் நாலில் ஒரு பங்குக்கு மேல், 28 ஆயிரம் சொச்சம். இந்தியத் தமிழர் என்று எழுதப்பட்ட மலையக வழிச் சனம் 13 வீதமளவில், 14 ஆயிரம் வரை. சிங்களவர் 8 வீதமளவில்.

2012இல் மொத்தம் 99,570 பேர். இலங்கைத் தமிழர் 81 வீதம். முஸ்லிம்கள் 16 வீதம் சொச்சம். சிங்களவர் 2 வீதம். இந்தியத் தமிழர் அரை வீதம்கூட இல்லை, நானூறு பேரளவில்.

அதே 31 வருஷத்தில் நாட்டின் சனத்தொகை 1 கோடி 48 இலட்சத்திலிருந்து 2 கோடி 3 இலட்சமாகக் கூடினது. மன்னாரில் குறைஞ்சது. ஒரு மாவட்டத்தில ஒரு தலைமுறை பிறந்து வளர்ந்த பிறகும் தலை குறைஞ்சிருக்கெண்டால், அங்க என்ன நடந்ததெண்டு அந்த அட்டவணையே சொல்லுது.

இப்ப என்ர கேள்விக்கு வாங்கோ. "விகிதாசாரம் மாறுது" எண்டு சொல்லுற ஒவ்வொருத்தரும் மனதுக்குள்ள வைச்சிருக்கிறது 2012இன் 81 வீதத்தை. அதைத்தான் மன்னாரின் இயற்கையான நிலை எண்டு நினைக்கினம். அதிலிருந்து கொஞ்சம் இறங்கினால் "மாற்றம்", "ஆபத்து". 1981இல் இருந்து 2012 வரைக்கும் நடந்தது மட்டும் மாற்றம் இல்லையாம். அது சும்மா காத்தில நடந்ததாம்.

அது காத்தில நடக்கேல்லை.

மூன்று கழித்தல்கள்

முதலாவது கழித்தல், 1990 ஒக்ரோபர். விடுதலைப் புலிகள் வட மாகாணத்திலிருந்த முஸ்லிம்கள் எல்லாரையும் வெளியேறச் சொன்னார்கள். எழுபதினாயிரத்துக்கு மேற்பட்ட சனம். அதில் அரைவாசியளவு மன்னார் மாவட்டத்துச் சனம். எருக்கலம்பிட்டி, தாராபுரம், விடத்தல்தீவு, பெரியமடு, சிலாவத்துறை, மரிச்சுக்கட்டி. தீவுப் பக்கத்துச் சனம் கடற்கரையில காத்திருந்து வள்ளங்களில கற்பிட்டிக்குப் போய் இறங்கினது. வீடு, தோணி, வலை, மாடு, நகை, காணி உறுதி எல்லாத்தையும் விட்டிட்டுப் போகச் சொல்லித்தான் அனுப்பினது. பிறகு புத்தளத்தில ஓலைக் கொட்டிலில இருபது வருஷத்துக்கு மேல. 2002இல் கிளிநொச்சியில் நடந்த செய்தியாளர் மாநாட்டில் அன்ரன் பாலசிங்கமே அதை ஒரு அரசியல் தவறு என்று ஒப்புக்கொண்டார். நாங்கள் இன்னும் ஒப்புக்கொள்ளேல்லை. ஒப்புக்கொண்டிருந்தால் 2012இன் 81 வீதத்தை இவ்வளவு சுகமாகப் பாவிக்க மாட்டம்.

ரெண்டாவது கழித்தல் சத்தமில்லாதது. 14 ஆயிரம் மலையக வழிச் சனம் எப்பிடி நானூறாச்சு? கொஞ்சப்பேர் இந்தியாவுக்குப் போச்சினம், உண்மை. 1964இன் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தோட தொடங்கின அந்தப் பயணத்துக்கு வாசல் எங்கட தலைமன்னார்தான். யுத்தம் வந்தாப்போல படகில போனவையும் இருக்கினம். ஆனால் மிச்சப்பேர் எங்கயும் போகேல்லை. இங்கதான் இருக்கினம். பெயர்தான் மாறினது.

என்ர அம்மம்மா மாத்தளைப் பக்கத்துத் தோட்டமொண்டில பிறந்தவ. 1977 கலவரத்துக்குப் பிறகு வன்னிப் பக்கம் வந்த குடும்பம். 2024 மதிப்புக்கு ஆக்கள் வீட்டுக்கு வரேக்க நானும் திண்ணையில இருந்தனான். கையில டப் ஒண்டோட வந்த தங்கச்சி ஒவ்வொருத்தரா இனம் கேட்டு வந்தா. அம்மம்மாவின்ர முறை வந்தது. அப்பா முந்திக்கொண்டு சொன்னார்: "இலங்கைத் தமிழ் எண்டே போடுங்கோ பிள்ளை." அம்மம்மா ஒண்டும் சொல்லேல்லை. வெத்திலையை மடிச்சுக்கொண்டிருந்தா. அந்தத் தங்கச்சியும் ஒண்டும் கேக்கேல்லை. விரலால ஒருக்கா அமத்தினா, அவ்வளவுதான்.

அப்பாவில எனக்குக் கோபமில்லை. "இந்தியத் தமிழ்" எண்டு எழுதினால் என்ன நடக்கும் எண்டு அவர் கண்டு வளர்ந்தவர். 1948இல் குடியுரிமையைப் பறித்தது அரசாங்கம். ஆனால் கிணத்தில தண்ணி அள்ளேக்க, கல்யாணம் பேசேக்க, கோயில் திருவிழாவில உபயம் குடுக்கேக்க "தோட்டக்காட்டார்" எண்டு சொன்னது அரசாங்கம் இல்லை. நாங்கள். அந்த அவமானத்துக்குப் பயந்துதான் சனம் பெயரை மாத்தினது. பிறகு அந்தப் பெயர்மாற்றத்தையும் கூட்டிக்கொண்டுதான் எங்கட 81 வீதம். அதில எவ்வளவு பிறப்பு, எவ்வளவு பெயர்மாற்றம் எண்டு எந்த அட்டவணையும் பிரிச்சுச் சொல்லாது. அவையைக் கேவலப்படுத்தி ஒளிக்கப்பண்ணினம். ஒளிச்சவையின்ர தலையை எங்கட பலமெண்டு எண்ணிக் காட்டுறம்.

இதில இன்னொண்டையும் நினைக்கவேணும். "இலங்கைத் தமிழர்", "இந்தியத் தமிழர்" என்ற பிரிப்பு கடவுள் தந்ததில்லை. 1911 மதிப்பில்தான் அதை முதன்முதல் தனித்தனியாக எழுதத் தொடங்கினார்கள். தோட்டத்துக்கு வந்த சனத்தின் கால் முதல் பட்டதே இந்த மன்னார்க் கரையில்தான். இங்கிருந்து காடு வழியே மாத்தளை வரைக்கும் நடந்தார்கள். வழி நெடுக விழுந்து செத்தார்கள். அதை நினைத்துத்தான் 2023இல் மலையகம் 200 நடைபயணம் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்குப் போனது. அண்டைக்கு நாங்கள் கரையில நிண்டு கைதட்டினம், படம் பிடிச்சம். பின்னேரம் வீட்ட போய் "இவையள் வந்தேறுகுடிகள்" எண்ட கதையை விட்ட இடத்தில இருந்து தொடங்கினம்.

மூன்றாவது கழித்தல் சிங்களவர். இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். வரட்டும். 1981இல் எட்டு வீதமாக இருந்தவர்கள் யுத்தம் தொடங்கினதோடு போய்விட்டார்கள். அவர்களிலும் கடலை நம்பி இருந்தவன், கடை வைத்திருந்தவன், இங்கே பிள்ளை பெத்தவள் இருந்திருப்பாள். அவர்களும் சனம்தான்.

இந்த மூண்டு கழித்தலும் முடிஞ்ச பிறகு வந்த மிச்சம்தான் 81. மிச்சத்தைப் பூரணம் எண்டு சொல்லாதேங்கோ.

திருகோணமலைக்கு ஒரு அளவுகோல், மன்னாருக்கு இன்னொண்டோ?

இப்ப எங்கட ஆக்கள் கேட்பினம்: "அப்ப நீ குடியேற்றத்தை ஆதரிக்கிறியோ? மணலாறு தெரியாதோ? திருகோணமலை தெரியாதோ?"

தெரியும். நல்லாத் தெரியும். திருகோணமலை மாவட்டத்தில் 1921இல் சிங்களவர் 5 வீதத்துக்கும் குறைவு. 1981இல் மூன்றிலொரு பங்கு. அரசாங்கம் காணி வெட்டி, வாய்க்கால் வெட்டி, ஆக்களைக் கொண்டுவந்து இருத்தி அந்த எண்ணை மாற்றினது. அதை எதிர்த்துத் தமிழர் பேசினது நியாயம். இண்டைக்கும் பேசவேணும்.

ஆனால் கவனியுங்கோ, திருகோணமலையைப் பற்றிக் கதைக்கேக்க நாங்கள் எந்த வருஷத்தை அடிப்படையா எடுக்கிறம்? 2012ஐ எடுக்கிறமோ? இல்லை. 1921ஐ எடுக்கிறம், 1946ஐ எடுக்கிறம். "வலுக்கட்டாயமா மாத்தினதுக்கு முதல் எப்பிடி இருந்தது எண்டு பார்" எண்டு சொல்லுறம். சரியான வாதம். அதே வாதத்தை மன்னாருக்கும் வையுங்கோவன். வலுக்கட்டாயமா மாத்தினதுக்கு முதல் எப்பிடி இருந்தது? 1981ஐப் பாருங்கோ. அங்க எங்களுக்கு அநியாயம் நடக்க முந்தின வருஷம் வேணும். இங்க நாங்கள் அநியாயம் செய்து முடிச்ச பிறகான வருஷம் வேணும். இதுக்குப் பேர் அரசியல் இல்லை. களவுக் கணக்கு.

குடியேற்றமும் திரும்பி வாறதும் ஒண்டில்லை. அரசாங்கம் படையின்ர துணையோட புதுசா ஆக்களைக் கொண்டுவந்து, மற்றவன்ர காணியில இருத்தி, தொகுதியின்ர வாக்கை மாத்தினால் அது குடியேற்றம். துரத்தப்பட்டவன் தன்ர வளவைத் தேடிவந்து, தன்ர கிணத்தைத் துப்புரவாக்கி, தன்ர பள்ளிவாசலுக்கு வெள்ளை அடிச்சால் அது திரும்பி வாறது. இருபது வருஷத்துக்குப் பிறகு வந்தாலும் திரும்பி வாறதுதான். நாலு பிள்ளைகளோட போனவன் பதினெட்டுப் பேரப்பிள்ளைகளோட வந்தாலும் திரும்பி வாறதுதான். 1981இல் இங்க இருந்த சிங்களக் குடும்பமொண்டு வந்தாலும் அதே நியாயம்தான். ஆர் வாறது எண்டதைப் பார்த்து நியாயத்தை மாத்தேலாது.

"புத்தளத்தில வீடு இருக்குத்தானே?"

அடுத்த வாதம் இது. "அவையளுக்குப் புத்தளத்திலயும் வீடு, இஞ்சயும் காணி. பிள்ளையள் அங்கதான் பிறந்தது, அங்கதான் படிக்குது. பிறகேன் இஞ்ச?"

இதைச் சொல்லுற வாய்க்கு ஒரு கேள்வி. 1990இல் தலைமன்னாரிலயும் பேசாலையிலயும் இருந்து படகேறித் தனுஷ்கோடி மணல்திட்டில இறங்கின எங்கட சனத்தின்ர பிள்ளைகள் எங்க பிறந்தது? மண்டபம் முகாமில, தமிழ்நாட்டின் மற்ற முகாம்களில. அங்கயே பேரப்பிள்ளைகளும் பிறந்திட்டுது. அவை மன்னார்ச் சனம் இல்லையோ? ரொறொன்ரோவில மூண்டு மாடி வீடு கட்டின மாமாவின்ர பனங்காணியை ஆரும் வேலி தள்ளிப் போட்டால் ஊரே கூடிச் சண்டைக்குப் போகுதே, அவருக்கு அங்க வீடு இருக்குத்தானே எண்டு நாங்கள் ஒருநாளும் சொல்லேல்லையே?

கனடாவில வீடு வைச்சிருக்கிற தமிழனுக்கு மன்னாரில உரிமை இருக்கு. புத்தளத்தில ஓட்டுவீடு வைச்சிருக்கிற முஸ்லிமுக்கு இல்லை. ரெண்டுக்கும் நடுவில இருக்கிற வித்தியாசத்தை வாயால சொல்லுங்கோ பாப்பம். சொன்னால் உங்களுக்கே வெக்கமா இருக்கும்.

2019 நவம்பர் ஜனாதிபதித் தேர்தலண்டு புத்தளத்திலிருந்து மன்னாருக்கு வாக்களிக்க வந்த சனத்தின் பஸ்கள் மேல் தந்திரிமலைப் பக்கத்தில் துவக்குச் சூடு நடந்தது. இருபத்தொன்பது வருஷத்துக்குப் பிறகும் சொந்த ஊரில புள்ளடி போட வாறதுக்குச் சூடு வாங்கவேண்டிய நிலை. அந்தச் செய்தியைப் பார்த்து எங்கட பக்கத்தில எத்தினை பேர் கண்டிச்சு எழுதினம்? "உதென்னத்துக்கு அங்கயிருந்து பஸ்ஸில வருகினம்" எண்டு எழுதினவையைத்தான் எனக்கு ஞாபகம் இருக்கு.

நியாயமான முறைப்பாடுகளும் இருக்கு, நான் மறைக்கேல்லை. அரசியல்வாதியின்ர ஆக்களுக்குக் காணி, வேலை, வீட்டுத்திட்டம் எண்டு அள்ளிக் குடுத்த கதைகள் மன்னாரில நிறைய. அப்பிடி நடந்தால் அதைப் பக்கச்சார்பு எண்டு சொல்லுங்கோ, ஊழல் எண்டு சொல்லுங்கோ, ஆவணத்தைக் காட்டுங்கோ, வழக்குப் போடுங்கோ. தமிழ் அரசியல்வாதி செய்தாலும் அதே மாதிரிச் செய்யுங்கோ. ஆனால் ஒரு அமைச்சரின்ர பிழைக்கு மரிச்சுக்கட்டிக் கிழவியின்ர வளவை விலையாக் கேளாதேங்கோ.

முசலியில ஆர் இருக்கிறது?

இனவாதம் எப்பவும் கூட்டாளி தேடும். வில்பத்து விசயத்தில எங்கட ஆக்கள் தென்னிலங்கைப் பேரினவாதத்தோட ஒரே வரிசையில நிண்டதை நான் மறக்கமாட்டன். "முஸ்லிம்கள் காட்டை அழிக்கினம்" எண்டு அவை கத்தேக்க, இஞ்ச எங்கட பக்கமும் தலையாட்டினது. காடு அழிக்கக்கூடாது, சரி. மீள்குடியேற்றத்தின் பேரில் காடு வெட்டப்பட்ட வழக்கில் மேன்முறையீட்டு நீதிமன்றம் 2020 நவம்பரில் முன்னாள் அமைச்சர் ரிஷாட் பதியுதீனைத் தன் செலவில் மரம் நடச் சொல்லித் தீர்ப்பும் குடுத்தது. ஆனால் காணி ஏன் காடாச்சு? இருபது வருஷம் சனத்தை இருக்கவிடாமல் துரத்தினால் வளவுக்குள்ள பாலையும் வீரையும் முளைக்காமல் என்ன செய்யும்? 2017 மார்ச்சில் மாவில்லுப் பகுதியைப் பேணற்காடாக அறிவிக்கும் வர்த்தமானியில் ஜனாதிபதி ரஷ்யாவில் இருந்தபடி கையெழுத்து வைத்தார். மரிச்சுக்கட்டிச் சனம் தெருவில இருந்து போராடினது. நாங்கள் பெரும்பாலும் வேடிக்கை பார்த்தம்.

அதே முசலிப் பிரதேசத்தில்தான் முள்ளிக்குளம் இருக்கு. தமிழ்க் கத்தோலிக்கக் கிராமம். 2007இல் சனத்தை எழுப்பிவிட்டுக் கடற்படை போய் இருந்தது. பிறகு கொஞ்சக் காணி விட்டதென்றாலும் ஊர் இன்னும் ஊராகவில்லை. கொஞ்சம் தள்ளிச் சிலாவத்துறையில் முஸ்லிம் சனத்தின் காணியிலும் கடற்படை முகாம். முள்ளிக்குளத்துத் தமிழனும் சிலாவத்துறை முஸ்லிமும் ஒரே முள்ளுக்கம்பிக்கு வெளியால நிண்டுகொண்டு, "நீ எத்தினை வீதம், நான் எத்தினை வீதம்" எண்டு சண்டை பிடிச்சால் கம்பிக்கு உள்ளுக்க நிக்கிறவனுக்குச் சந்தோசம்தானே?

2025இல காற்றாலைக்கும் கனிய மண் அகழ்வுக்கும் எதிராக மன்னார்ச் சனம் தெருவில இறங்கேக்க ஒருத்தரும் ஒருத்தரின்ர வீதத்தைக் கேக்கேல்லை. தீவு தாண்டால் எல்லாரும்தான் தாழவேணும் எண்டு எல்லாருக்கும் விளங்கியிருந்தது. அந்த விளக்கம் அடுத்த தேர்தல் வரைக்கும் நிக்குமோ எண்டதுதான் என்ர பயம்.

81க்குள்ள எத்தினை?

வீதக் கணக்கு ஒருநாளும் ஒரு இடத்தில நிக்காது. இலங்கையில் கிறிஸ்தவர்கள் பெரும்பான்மையாக இருக்கிற ஒரே மாவட்டம் மன்னார். 2012இல் கத்தோலிக்கர் மட்டும் அரைவாசிக்கு மேல். இந்துக்கள் நாலிலொரு பங்குக்குச் சற்றுக் குறைவு. "தமிழர் 81" எண்டு மார்தட்டுற ஆக்கள் 2019 சிவராத்திரிக்கு முதல்நாள் எங்க இருந்தவை? மாந்தைச் சந்தியில் திருக்கேதீஸ்வரத்து அலங்கார வளைவைப் பிடுங்கி எறிந்தது முஸ்லிம்களோ சிங்களவரோ இல்லை. தமிழர்தான் தமிழரின் வளைவைப் பிடுங்கினார்கள். நான் கத்தோலிக்க வீட்டுப் பெடியன். அண்டைக்கு வெக்கத்தில நான் வெளியில போகேல்லை. அண்டைக்கும் எங்கட பக்கத்தில ஒருத்தர் "இஞ்ச நாங்கள்தானே கூட" எண்டு சொன்னவர். அதே வசனம். ஆள்தான் வேற.

இண்டைக்கு முஸ்லிமுக்குச் சொல்லுறது நாளைக்குச் சைவக்காரருக்கு. அதுக்குப் பிறகு சாதி. அதுக்குப் பிறகு "தீவான், பெருநிலத்தான்". தலை எண்ணி உரிமை பிரிக்கிற ஆள் கடைசியில தன்ர வீட்டுக்குள்ளயும் எண்ணுவான்.

ஆயரின் கழித்தல்

எண்ணிக்கை ஒரு ஆயுதம் எண்டால் அதை எப்பிடிப் பிடிக்கவேணும் எண்டு எங்களுக்கு மன்னாரே காட்டித் தந்திருக்கு. மறைந்த ஆயர் இராயப்பு யோசப் 2011 ஜனவரியில் நல்லிணக்க ஆணைக்குழு முன்னால் போய் ஒரு சின்னக் கழித்தல் கணக்கை வைத்தார். 2008 ஒக்ரோபரில் வன்னியில் இருந்ததாகக் கச்சேரிகள் சொன்ன தொகை 429,059. யுத்த முடிவில் அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்ததாகச் சொல்லப்பட்டது 282,380. மிச்சம் 146,679 பேர் எங்கே?

அரசாங்கத்தின்ர எண்ணை எடுத்து அரசாங்கத்திட்டயே கேட்ட கேள்வி. இண்டை வரைக்கும் அதுக்கு ஒழுங்கான பதில் இல்லை. அந்தக் கேள்வியை நாங்கள் பிள்ளைகளுக்கும் சொல்லிக் குடுக்கிறம். குடுக்கவேணும்.

ஆனால் அந்தக் கேள்வியின்ர சாரம் என்ன? நேற்று இருந்த சனம் இண்டைக்கு எங்க? செத்தவர்களும் துரத்தப்பட்டவர்களும் ஒண்டெண்டு நான் சொல்லவரேல்லை. கேள்வி ஒண்டெண்டுதான் சொல்லுறன். அந்தக் கேள்வியை அரசாங்கத்திட்டக் கேட்கிற அதே வாய், 28 ஆயிரம் எப்பிடி 16 ஆயிரமாச்சு, 14 ஆயிரம் எப்பிடி நானூறாச்சு எண்ட கேள்விக்கு முன்னால மூடிக்கிடந்தால், முதல் கேள்வியையும் உலகம் நம்பாது. கழித்தல் கணக்கு எங்களுக்கு மட்டும் சொந்தமில்லை.

பெரும்பான்மை இல்லாத ஊர்

"ஒரு இனம் பெரும்பான்மையா இல்லாட்டி ஊர் எப்பிடி நடக்கும்?" எண்டும் கேட்கினம். எங்கட கனபேருக்குச் சொந்தக்காரர் இருக்கிற கலிபோர்னியாவைப் பாருங்கோ. 2020 மதிப்பின்படி மூன்று கோடியே 95 இலட்சம் சனம். இலத்தீன் அமெரிக்க வழியினர் 39 வீதமளவில், மற்ற வெள்ளையர் 35 வீதமளவில், ஆசியர் 15 வீதமளவில். ஒருவரும் அரைவாசி இல்லை. மாநிலம் கடலுக்குள்ள போகேல்லை. அங்கே 2000ஆம் ஆண்டிலிருந்து ஒருவர் ஒன்றுக்கு மேற்பட்ட இனத்தையும் குறிக்கலாம். எங்கட படிவத்தில என்ர அம்மம்மாவுக்கு ஒரு பெட்டிதான்.

அது சொர்க்கமெண்டு சொல்லவரேல்லை. 1942இல் யப்பானிய வழியினர் ஒரு இலட்சத்து இருபதினாயிரம் பேரளவில் வீடுவாசலிலிருந்து கிளப்பி முள்ளுக்கம்பி முகாம்களில் போட்டார்கள், பெரும்பாலானவர்கள் கலிபோர்னியாக்காரர். ஆர் எந்தத் தெருவில் இருக்கிறார்கள் என்று பார்க்க 1940 குடிசன மதிப்பின் விபரங்களே உதவின. எண்ணிக்கை என்ன வேலைக்குப் போகும் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். ஆனால் 1988இல் அந்த அரசு சட்டமியற்றி மன்னிப்புக் கேட்டது. உயிரோடிருந்த ஒவ்வொருவருக்கும் இருபதினாயிரம் டொலர் கொடுத்தது. 46 வருஷம் பிந்தித்தான். எண்டாலும் "இப்ப நீங்கள் இல்லாத கலிபோர்னியாதான் சரியான கலிபோர்னியா" எண்டு சொல்லேல்லை. 1990இல் இருந்து இண்டைக்கு எத்தினை வருஷம் எண்டு நீங்களே கூட்டிப் பாருங்கோ.

செய்யவேண்டியது

2024 மதிப்பின் விபரங்கள் மாவட்டம், பிரதேசம் எண்டு இறங்கி வர வர, முகநூலில வட்ட வரைபடங்கள் பறக்கும். "அபாயம்" எண்டு சிவப்பு எழுத்தில தலைப்பு வரும். அப்ப என்ன செய்யவேணும் எண்டு இப்பவே சொல்லிவைக்கிறன்.

2012ஐ மட்டும் பக்கத்தில வைச்சு ஒப்பிடுற எந்தப் படத்தையும் பகிராதேங்கோ. 1981ஐயும் சேர்த்து வைக்கச் சொல்லுங்கோ. வைக்க மாட்டன் எண்டால், அவர் எதை மறைக்கிறார் எண்டு கேளுங்கோ.

புத்தளத்தில எண்ணப்பட்ட மன்னார்ச் சனத்தையும், தமிழ்நாட்டு முகாமில இருக்கிற மன்னார்ச் சனத்தையும் ஒரே மூச்சில கேளுங்கோ. ஒண்டை விட்டு மற்றதைக் கேட்டால் அது உரிமைக் குரல் இல்லை.

1990 ஒக்ரோபரை எங்கட நினைவு நாட்களுக்குள்ள எடுங்கோ. முஸ்லிம்கள் நினைவுகூருற கூட்டத்தில விருந்தாளியாப் போய் முன்வரிசையில இருக்கிறதைச் சொல்லேல்லை. நாங்களே எங்கட மண்டபத்தில, எங்கட பேரில வைக்கவேணும். நாலு சமயத் தலைவர்களைக் கூப்பிட்டுக் குத்துவிளக்குக் கொளுத்திப் படம் எடுத்தால் நல்லிணக்கம் வந்திடாது. "எங்கட பேரில செய்தவை, நாங்கள் பேசாமல் இருந்தம்" எண்டு ஒருக்கா வாயைத் திறந்து சொல்லவேணும்.

மலையக வழிச் சனத்துக்குக் காணி உறுதியும் மரியாதையும் குடுங்கோ. பிறகு அவை தங்களை என்ன எண்டு எழுதோணும் எண்டு அவையே தீர்மானிக்கட்டும்.

இதை எழுதி முடிக்கிறதுக்கு முதல் அம்மம்மாட்டக் கேட்டனான். "ஏனம்மம்மா, அண்டைக்கு இனம் கேக்கேக்க ஒண்டும் சொல்லாமல் இருந்தனீங்கள்?"

"என்னட்டயே கேட்டவ?" எண்டா.

உண்மைதான். அவவிட்ட ஆரும் கேக்கேல்லை. 81 வீதத்துக்குள்ள அவவும் ஒரு தலை. இனி ஆரும் என்ர காதுக்க வந்து "விகிதாசாரம் மாறுது" எண்டு குசுகுசுத்தால், முதல் அம்மம்மாவைக் கழிச்சுப்போட்டு வந்து கதையுங்கோ எண்டு சொல்லப்போறன்.